ருடால்ஃப் டீசல்: வீணாகும் வெப்பத்தைப் பிடிக்கப் போனவரின் பெயர், கரும்புகைக்கு ஒட்டிக்கொண்டது எப்படி?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நாகப்பட்டினம் மாவட்டத்தில் எல்லோர் வாயிலும் ஒரே சொல்தான் புழங்கும். 14-ஆம் தேதி நள்ளிரவோடு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. அக்கரைப்பேட்டையில் விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏறும், வலை ஏறும், டீசல் ஏறும். 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கும் வழக்கம். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்தாலும் வாய்க்காலிலிருந்து மேட்டு வயலுக்குத் தானாக ஏறாது. ஆயில் இன்ஜினைத் தூக்கிவந்து கரையில் வைத்து இறைக்க வேண்டும். அதற்கும் டீசல். உழவுக்கு டிராக்டர், அறுவடைக்கு இயந்திரம், மீனை ஏற்றிப்போக லாரி என்று எல்லாவற்றுக்கும் டீசல்.

இத்தனை பேர் தினமும் சொல்கிற இந்தச் சொல் ஒரு மனிதரின் பெயர். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் பொறியாளர். எரிபொருள் துளியும் வீணாகாமல் எரிய வேண்டும் என்பதற்காகவே வாழ்ந்தவர். அவர் பெயரைச் சொன்னால் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது கரும்புகை. அந்தப் புகையைக் குறைக்க, கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களை டீசலில் கலந்து பார்க்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். அதில் ஒரு ஆய்வு நாகையிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் திருச்சியில் நடந்தது. அந்தத் துகள் எதைச் சரிசெய்கிறது என்று புரிய வேண்டுமானால், ருடால்ஃபின் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாரிஸில் பிறந்த அகதிச் சிறுவன்

ருடால்ஃப் பிறந்தது 1858 மார்ச் 18 அன்று, பாரிஸில். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். அப்பா தோல் பொருட்கள் செய்து விற்றவர். வசதியான குடும்பம் கிடையாது. செய்த பொருட்களைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் பையனுக்கும் பங்கு இருந்தது.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பிரான்சில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டிய நிலை. குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கே எல்லோருக்கும் சோறு போட வழியில்லை. 12 வயதுப் பையனைத் தன்னந்தனியாக ஜெர்மனியின் ஆக்ஸ்புர்க் நகரத்துக்கு, உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அந்த உறவினர் ஒரு கணக்கு வாத்தியார். ருடால்ஃபுக்கு அதிர்ஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது. 14 வயதில் பொறியாளர் ஆவது என்று முடிவு செய்து பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். வகுப்பில் முதல் மாணவர். 1875-இல் உதவித்தொகையோடு மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

நூறு ரூபாய் விறகில் பத்து ரூபாய் வேலை

மியூனிக்கில் அவருக்கு ஆசிரியராக அமைந்தவர் கார்ல் ஃபான் லிண்டே. குளிர்பதன இயந்திரத் துறையின் முன்னோடி. இன்று துறைமுகங்களில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் தொழிலுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர். 1878-இல் ஒரு வகுப்பில் அவர் நீராவி இன்ஜினின் கணக்கைப் போட்டுக் காட்டினார். எரிக்கிற நிலக்கரியின் வெப்பத்தில் 6 முதல் 10 சதவீதம்தான் வேலையாக மாறுகிறது, மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியாகவும் சூடாகவும் காற்றில் போகிறது என்பது கணக்கு.

நீராவி அப்போது உலகையே ஆண்டுகொண்டிருந்தது. ருடால்ஃபுக்கு மூன்று வயதாக இருந்த 1861-லேயே நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே நீராவி ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. அடுத்த ஆண்டு அது திருச்சியைத் தொட்டது. தென்னிந்தியாவின் பழைய ரயில் பாதைகளில் அதுவும் ஒன்று. அந்த ரயிலும் சரி, ஐரோப்பாவின் ஆலைகளும் சரி, நூறு ரூபாய்க்கு நிலக்கரி வாங்கிப் பத்து ரூபாய்க்கு வேலை வாங்கிக்கொண்டிருந்தன. மற்றவர்கள் இதைக் குறிப்பெடுத்துக்கொண்டு தேர்வு எழுதப் போனார்கள். ருடால்ஃபுக்கோ அந்தத் தொண்ணூறு ரூபாய் உறுத்திக்கொண்டே இருந்தது. நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் அதைப் பற்றிக் குறித்தும் வைத்தார்.

அவருக்கு இன்னொரு கவலையும் உண்டு. நீராவி இன்ஜின் பெரிதாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். அதனால் பெரிய ஆலை முதலாளி ஜெயிப்பார், கைத்தொழில் செய்கிறவர் தோற்பார். அப்பாவின் தொழிலைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது புரியும். சின்னப் பட்டறையிலும் வைத்து ஓட்டக்கூடிய, சிக்கனமான ஒரு இன்ஜின் வேண்டும் என்று நினைத்தார்.

டைபாய்டு காய்ச்சலால் 1879-இல் தேர்வு தவறியது. 1880 ஜனவரியில் எழுதிச் சிறப்பாகத் தேறினார். லிண்டேயின் ஐஸ் தொழிற்சாலை வேலைக்காகப் பாரிஸ் திரும்பினார். 1883-இல் மார்த்தாவை மணந்தார், மூன்று குழந்தைகள் பிறந்தன. பகலில் ஐஸ் வேலை, மற்ற நேரத்தில் இன்ஜின் கனவு. அம்மோனியா ஆவியால் ஓடும் இன்ஜினுக்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டார். அது கைகூடவில்லை.

தீப்பொறி இல்லாமல் தீ

பிறகு அவர் பிடித்துக்கொண்ட யோசனை எளிமையானது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். காற்றை வேகமாக அமுக்கினால் அது சூடாகிறது, அவ்வளவுதான். இன்னும் பல மடங்கு அமுக்கினால்? அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். தீப்பொறி தேவையில்லை.

மலாய் தீபகற்பத்திலும் அதைச் சுற்றிய நாடுகளிலும் இந்த உத்தி பழக்கத்தில் இருந்தது. ஒரு பக்கம் அடைத்த சிறு குழலுக்குள் ஒரு தண்டைச் சடாரென்று அழுத்தினால் உள்ளே வைத்த பஞ்சு தீப்பிடிக்கும். லிண்டே பினாங்கிலிருந்து கொண்டுவந்த அப்படியொரு தீக்குழலைப் பார்த்துத்தான் ருடால்ஃபுக்குப் பொறி தட்டியது என்று ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. நாகப்பட்டினத்திலிருந்து எத்தனையோ பேர் பிழைப்புக்குக் கப்பலேறிப் போன அதே பினாங்கு.

1892 பிப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1893-இல் அது கைக்கு வந்தது. அதே ஆண்டு தன் கோட்பாட்டை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார். ஆக்ஸ்புர்க் இயந்திர ஆலையும் குருப் நிறுவனமும் அவரை நம்பிப் பணம் போட்டன.

1893 ஆகஸ்ட் 10 அன்று முதல் சோதனை. எரிபொருள் உள்ளே போனதும் பற்றியது, அழுத்தம் எகிறியது, அளவுமானி வெடித்துச் சிதறியது. அருகில் இருந்தவர்கள் மயிரிழையில் தப்பினார்கள். இன்ஜின் ஓடவில்லை. ஆனாலும் ருடால்ஃபுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அமுக்கிய காற்றில் எரிபொருள் தானாகவே பற்றும் என்பது உறுதியாயிற்று.

1894 பிப்ரவரி 17 அன்று இரண்டாவது மாதிரி இன்ஜின் ஏறத்தாழ ஒரு நிமிடம் தன் சொந்த பலத்தில் ஓடியது. அதை முதலில் கவனித்த தொழிலாளி எதுவும் பேசாமல் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகும் மூன்று ஆண்டு பாடு. காப்புரிமை விண்ணப்பத்தில் எழுதிய பல விஷயங்கள் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. எரிபொருளை எப்படி உள்ளே செலுத்துவது என்பதிலேயே காலம் போனது. சரியாகத் தூவாவிட்டால் புகை வந்தது. அந்தச் சிக்கல் அன்றிலிருந்தே இந்த இன்ஜினோடு பிறந்தது.

1897 பிப்ரவரி 17 அன்று பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அதிகாரபூர்வமாகச் சோதித்தார். சுமார் 18 குதிரைத் திறன் கொண்ட அந்த இன்ஜின், எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதத்தை வேலையாக மாற்றியது. வகுப்பில் லிண்டே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டால் இரண்டரை மடங்குக்கும் மேல். உலகத்தில் அன்று அப்படியொரு இன்ஜின் கிடையாது.

கடலை எண்ணெயில் ஓடிய இன்ஜின்

அதன்பின் பணம் கொட்டியது. அமெரிக்க உரிமையை மட்டும் பீர் ஆலை அதிபர் அடால்ஃபஸ் புஷ் 10 லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். நாற்பது வயதில் ருடால்ஃப் கோடீஸ்வரர். மியூனிக்கில் மாளிகை கட்டினார்.

1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய இன்ஜினுக்கு மிக உயர்ந்த பரிசு கிடைத்தது. அங்கே வைக்கப்பட்ட ஒரு சிறு இன்ஜின் வேர்க்கடலை எண்ணெயில் ஓடியது. ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை ஏராளமாக விளைந்ததால், அங்கேயே விளைவதைக் கொண்டு அங்கேயே இன்ஜின் ஓட்ட முடியுமா என்று பார்க்க பிரெஞ்சு அரசு விரும்பியது. அந்தக் காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலிருந்தும் மார்செய் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலாகக் கடலை போய்க்கொண்டிருந்தது. நாகைக்குப் பக்கத்தில் இருக்கும் காரைக்காலும் பிரெஞ்சுப் பகுதிதான். அந்தச் சோதனையை ருடால்ஃப் மறக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் தாவர எண்ணெயில் ஓடும் இன்ஜினுக்கு எதிர்காலம் உண்டு என்று எழுதினார். இன்று பயோடீசல் என்று பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

மாளிகைக்குள் கடன்

வெளியில் புகழ், உள்ளே சரிவு. ஆரம்ப கால இன்ஜின்கள் வாங்கியவர்கள் கையில் அடிக்கடி பழுதாகின. யோசனை தன்னுடையது என்று வேறு சிலர் வழக்குக்கு வந்தார்கள். 1898-இல் உடலும் மனமும் தளர்ந்து மருத்துவ இல்லத்தில் சேரும் நிலைக்கு வந்தார். கடுமையான தலைவலி அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

இன்ஜினில் ஒவ்வொரு சூட்டையும் கணக்குப் பார்த்த மனிதருக்குப் பணக் கணக்கு வரவில்லை. நிலத்திலும் எண்ணெய் வயல்களிலும் போட்ட முதலீடுகள் மூழ்கின. 1908-க்குள் முக்கியக் காப்புரிமைகளும் காலாவதியாகிவிட்டன. அதற்கிடையில் 1903-இல், தொழிலாளர்கள் கூட்டாகச் சேர்ந்து தொழில் நடத்துவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இன்ஜினைவிட அதையே தன் பெரிய சாதனையாக நினைத்தார். அதை வாங்கிப் படிக்கத்தான் ஆளில்லை.

இன்ஜினோ அவரை விட்டுவிட்டு வளர்ந்துகொண்டே போனது. 1912-இல் செலாண்டியா என்ற டென்மார்க் கப்பல் டீசல் இன்ஜினோடு கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை கடல் கடந்தது. அதற்குப் புகைபோக்கியே இல்லை. நீராவிக் கப்பல்களின் கரும்புகையைப் பார்த்துப் பழகிய துறைமுகங்களுக்கு அது அதிசயம். டீசல் என்றால் புகையில்லாதது என்று பெயர் வாங்கிய காலமும் ஒன்று இருந்தது.

கடலில் முடிந்த பயணம்

1913 செப்டம்பர் 29 மாலை. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார் ருடால்ஃப். லண்டனில் ஒரு கூட்டம் இருந்தது. உடன் வந்த இரண்டு பேரோடு சாப்பிட்டார், தளத்தில் நடந்தார், இரவு பத்து மணி வாக்கில் அறைக்குப் போனார். காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லியிருந்தார்.

காலையில் அறையில் ஆள் இல்லை. படுக்கை கலையவில்லை. இரவு உடை எடுத்து வைத்தபடியே இருந்தது. கப்பலின் பின்தளத்தில் அவருடைய தொப்பியும் மடித்த மேல்கோட்டும் கிடந்தன. சில நாட்கள் கழித்து டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஓர் உடலைக் கண்டார்கள். அது மிகவும் சிதைந்திருந்ததால், சட்டைப்பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். மாத்திரைப் பெட்டியும் கண்ணாடிக் கூடும் பேனாக்கத்தியும் அப்பாவுடையவைதான் என்று மகன் அடையாளம் சொன்னார்.

தானே உயிரை முடித்துக்கொண்டாரா, தவறி விழுந்தாரா, யாராவது தள்ளினார்களா? விவாதம் இன்றும் ஓயவில்லை. அவர் மறைந்த பிறகு தெரியவந்தது, மாளிகைக்குள் இருந்தது கடன்தான் என்பது. இன்னொன்றும் உண்டு. அவர் கடைசியாக ஏறிய டிரெஸ்டன் ஒரு நீராவிக் கப்பல். எதைத் தோற்கடிக்க வாழ்ந்தாரோ, அதுவே அவரைச் சுமந்துபோனது. முதல் உலகப் போரில் பெயர் மாறிப் போர்ப்பணிக்குப் போன அந்தக் கப்பலை, 1918-இல் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. அந்த நீர்மூழ்கியில் இருந்தது டீசல் இன்ஜின்.

நாகைக்கு வந்த கதை

ருடால்ஃப் காலத்து இன்ஜின் கனமானது. எரிபொருளைத் தூவவே தனியாகக் காற்றமுக்கி வேண்டும். 1920-களில் ராபர்ட் பாஷ் நிறுவனம் கைக்கடக்கமான எரிபொருள் பம்பைக் கொண்டுவந்த பிறகுதான் லாரியிலும் டிராக்டரிலும் அது பரவலாக ஏறியது. 1946-இல் புணேயில் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் நிறுவனம் தொடங்கியது. 1950-களில் கேரளக் கரையில் நார்வே உதவியோடு படகுகளுக்கு இன்ஜின் வைக்கும் திட்டம் வந்தது. தமிழகக் கரையிலும் விசைப்படகுகள் பெருகின. 2004 சுனாமிக்குப் பிறகு நாகைக் கரையில் கட்டுமரங்கள் குறைந்து, சிறிய டீசல் இன்ஜின் வைத்த ஃபைபர் படகுகள் அதிகமாயின. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920-களில் திருச்சி பொன்மலைக்கு மாறியது. நீராவி இன்ஜின்களைப் பார்த்த அந்தப் பொன்மலையும் பின்னர் டீசல் இன்ஜின்களைப் பழுது பார்த்தது.

சின்னப் பட்டறைக்காரருக்கு ஒரு இன்ஜின் என்ற ருடால்ஃபின் ஆசை, ஒரு வகையில் டெல்டாவில் நிறைவேறியது. இரண்டு பேர் தூக்கிவந்து வாய்க்கால் கரையில் வைத்தால் வயலுக்குத் தண்ணீர். அதற்குக் கொடுக்கிற விலைதான் புகை.

அந்தப் புகை ஏன் வருகிறது?

டீசல் இன்ஜினின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சூடான காற்றுக்குள் டீசல் நுண்துளிகளாகத் தூவப்படுகிறது. துளியின் நடுப்பகுதிக்குக் காற்று போதாது. அங்கே அரைகுறையாக வெந்த கரி, கரும்புகையாக வெளியேறுகிறது. துளியின் ஓரத்தில் காற்றும் உண்டு, கடும் சூடும் உண்டு. அங்கே காற்றில் உள்ள நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறுகிறது. சூட்டைக் குறைத்தால் இந்த வாயு குறையும், கரி கூடும். சூட்டைக் கூட்டினால் கரி குறையும், வாயு கூடும். ஒன்றை அமுக்கினால் மற்றொன்று எழும்புகிறது. இந்த இழுபறியில்தான் நூறு ஆண்டுகளாகப் பொறியாளர்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இது கண் எரிச்சலோடு முடிகிற விஷயம் இல்லை. டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது.

மேண்டிலில் இருந்த மருந்து

இங்கேதான் உலோக ஆக்சைடு நானோ வினையூக்கிகள் வருகின்றன. இவற்றில் அதிகம் பேசப்படுவது சீரியம் ஆக்சைடு. பெயர் புதிதாகத் தோன்றலாம். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் வெள்ளை வெளேரென்று எரிந்ததற்கு அதில் கலந்திருந்த சிறிதளவு சீரியம் ஆக்சைடுதான் காரணம். ருடால்ஃப் காப்புரிமை வாங்கிய அதே 1890-களின் தொடக்கத்தில்தான் ஐரோப்பாவில் அந்த மேண்டிலும் சந்தைக்கு வந்தது. அதற்கான மோனசைட் மணலை 1909-இல் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கண்டுபிடித்தவரும் ஒரு ஜெர்மன் வேதியியலாளர்தான். சீரியம் இன்றும் அந்த மணலில் இருக்கிறது.

சீரியம் ஆக்சைடின் குணம் என்னவென்றால், ஆக்சிஜனைக் கடன் கொடுத்து வாங்கும். கரி காற்றுக்கு ஏங்கும் இடத்தில் தன்னிடம் உள்ள ஆக்சிஜனைக் கொடுத்து அதை எரிய வைக்கும். நைட்ரஜன் ஆக்சைடு இருக்கும் இடத்தில் ஆக்சிஜனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கொடுத்து வாங்கிய பிறகும் தான் தீர்ந்துபோகாது. வினையூக்கி என்பதன் பொருளே அதுதான். மேலும், சாதாரணமாக 550 டிகிரி செல்சியஸுக்கு மேல் எரியும் கரியை அதைவிடக் குறைந்த சூட்டிலேயே எரியச் செய்யும்.

சரி, நானோ எதற்கு? கொடுக்கல் வாங்கல் எல்லாம் துகளின் மேற்பரப்பில்தான் நடக்கிறது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கட்டியை எடுத்துக்கொண்டால் அதன் ஆறு பக்கமும் சேர்ந்து 6 சதுர சென்டிமீட்டர்தான். அதையே 10 நானோமீட்டர் அளவுள்ள துணுக்குகளாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகும். தஞ்சாவூர்க் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 45 குழி, அரை மாவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. சுண்டுவிரல் நுனி அளவுப் பொருளுக்குள் அவ்வளவு பரப்பு ஒளிந்திருக்கிறது. அதனால்தான் மிகச் சிறிய அளவே போதுமானதாகிறது.

திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. டீசலிலும், டீசலோடு பயோடீசலும் எத்தனாலும் சேர்ந்த கலவையிலும் சீரியம் ஆக்சைடு நானோ துகள்களைக் கலந்து இன்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள். எரிதல் முழுமையாகிறது, புகைக்கழிவு குறைகிறது என்பது அவர்கள் கண்டது. இத்தகைய சோதனைகளில் பத்து லட்சத்தில் 25 பங்கு என்பது போன்ற அளவில்தான் துகளைச் சேர்க்கிறார்கள். ஆயிரம் லிட்டர் டீசலுக்குச் சுமார் 20 கிராம். அலுமினியம், துத்தநாகம், டைட்டானியம், இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகளையும் பல நாடுகளில் சோதித்துவருகிறார்கள். தாவர எண்ணெய் எரிபொருளும் ஆக்சிஜன் தரும் துகளும் சேர்ந்த அந்தக் கலவையை ருடால்ஃப் பார்த்திருந்தால், 1900-இல் பாரிஸில் விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்கிறது என்று புரிந்துகொண்டிருப்பார்.

அப்படியானால் நாளைக்கே படகில் ஊற்றலாமா?

கூடாது. முதல் சிக்கல், துகள்கள் டீசலில் நிலையாக மிதப்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடியில் தங்கும். ஆய்வகத்தில் மீயொலியால் கலக்கியும், ஒட்டாமலிருக்க வேதிப்பொருள் சேர்த்தும் சமாளிக்கிறார்கள். நாள்கணக்கில் படகின் டேங்கில் கிடக்கும் டீசலில் அதே பலன் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. அடியில் தங்கிய துகள் நாசிலின் நுண்துளைக்கும் நல்லதில்லை. இரண்டாவது, முடிவுகள் எல்லா இன்ஜினிலும் ஒன்றுபோல் வருவதில்லை. சில சோதனைகளில் நைட்ரஜன் ஆக்சைடு குறைந்தது, சிலவற்றில் கூடியது.

மூன்றாவதுதான் பெரிய கேள்வி. வினையூக்கி தீர்ந்துபோகாது என்றால், வேலை முடிந்ததும் அந்தத் துகள் எங்கே போகும்? 2000-இல் பிரான்சின் பெஜோ நிறுவனம் தன் கார்களில் சீரியம் கலந்த சேர்பொருளைக் கொண்டுவந்தபோது, கூடவே புகைக்குழாயில் கரி வடிகட்டியையும் வைத்தது. கரி எரிந்தது, சீரியம் சாம்பலாக வடிகட்டியிலேயே தங்கியது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ்.-6 டீசல் கார்களிலும் லாரிகளிலும் வடிகட்டி உண்டு. வாய்க்கால் கரை ஆயில் இன்ஜினில் அது கிடையாது. ஃபைபர் படகிலும் கிடையாது. அங்கே துகள் நேராகக் காற்றுக்கு வரும், இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவரின் மூச்சுக்குள் போகும். சீரியம் ஆக்சைடு நானோ துகளைச் சுவாசித்த எலிகளின் நுரையீரலில் அழற்சி ஏற்பட்டதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அதனால் மைலேஜ் கூடும், புகை போயிடும் என்று சொல்லிக்கொண்டு எந்த நானோ திரவம் கடைக்கு வந்தாலும், வாங்குவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்கலாம். இது எந்த இன்ஜினில், எத்தனை மணி நேரம் ஓட்டிச் சோதிக்கப்பட்டது? துகளைப் பிடித்து வைக்க என் இன்ஜினில் என்ன இருக்கிறது? பதில் இல்லாவிட்டால், இப்போதைக்குப் புகையைக் குறைக்கும் வழி பழையதுதான். காற்று ஃபில்டரைச் சுத்தம் செய்வது, நாசிலைச் சரிபார்ப்பது, பம்ப் டைமிங் பார்ப்பது, இன்ஜினுக்குத் தாங்காத சுமை ஏற்றாமலிருப்பது. 1890-களில் ருடால்ஃபை மூன்று ஆண்டு அலைக்கழித்ததும் எரிபொருளைச் சரியாகத் தூவுகிற அந்த வேலைதான்.

நீராவி இன்ஜினில் காணாமல்போன தொண்ணூறு ரூபாய் எங்கே போகிறது என்று தேடிய மாணவர்தான் டீசல் இன்ஜினைக் கண்டுபிடித்தார். அவருடைய இன்ஜினைச் சுத்தப்படுத்த வரும் 20 கிராம் துகளுக்கும் அதே கணக்கைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அது எங்கே போகிறது என்பதற்கு வடிகட்டி இல்லாத இன்ஜின்களில் விடை கிடைக்கும்வரை, அந்தக் கலவை டெல்டாவின் வாய்க்கால் கரைக்கும் அக்கரைப்பேட்டைக்கும் வராமல் திருச்சி ஆய்வகத்தின் சோதனை மேடையிலேயே இருப்பதுதான் நல்லது.